மொரிஸ் மைனரில் டீசல் எஞ்சின்: 10 மி.மீ. தகடு போட்டால் மவுண்டிங் தாங்குமா?

2025 மார்ச் 8, அக்கரைப்பற்றிலிருந்து வந்த கேள்வி

“என்னிடம் 1098 சி.சி. மொரிஸ் மைனர் கார் ஒன்று உள்ளது. அதன் எஞ்சின் முற்றாகத் தேய்ந்துவிட்டது. டொயோட்டா 2சி டீசல் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் வாங்கி வைத்திருக்கிறேன். எஞ்சின் பாரம் கூடியது என்பதால் 10 மி.மீ. தகட்டில் மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் கை) செய்து, றப்பர் எதுவும் இல்லாமல் செஸியோடு நேரடியாக வெல்டிங் செய்துவிட்டால் ஆயுளுக்கும் அசையாது என்று இங்குள்ள கராஜ்காரர் சொல்கிறார். அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?”

2025 மார்ச் 8, இரவு

தகடு தாங்கும். தகட்டை ஒட்டிய இடம் தாங்காது.

மைனருக்கு லொறி, ஜீப் போலத் தனியான செஸி கிடையாது. முன்பக்கத்தில் நீண்டு கிடக்கும் இரண்டு கால்களும் மெல்லிய தகட்டை மடித்துச் செய்த பெட்டிகள். அவை உடலோடு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. அப்படிப்பட்ட பெட்டியின் மேல் 10 மி.மீ. தகட்டை வெல்டிங் செய்தால், வளையக்கூடிய பொருள் முழுவதும் மெல்லிய பக்கத்திலும் வளையாத பொருள் முழுவதும் தடித்த பக்கத்திலும் சேர்ந்துவிடும். ஒவ்வோர் அதிர்வும் வெல்டிங்கின் ஓரத்தில்தான் வந்து முடியும். சில மாதங்களில் அந்த ஓரத்தையொட்டி, சவரக் கத்தியால் கீறியது போல ஒரு வெடிப்பு ஓடும். கழன்று வருவது மவுண்டிங் அல்ல. மவுண்டிங்கோடு சேர்ந்து காலின் ஒரு துண்டும் வரும்.

மவுண்டிங் உறுதியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த உறுதியைத் தகட்டின் தடிப்பில் தேடுவதுதான் வீண் செலவு.

2025 மார்ச் 9

காலையில் மூன்று பேர் தனியாக எழுதி, “4 மி.மீ. தகடு 10 மி.மீ. தகட்டை விட எப்படிப் பலமாகும்?” என்று கேட்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் கேட்டுவிட்டபடியால் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

60 மி.மீ. அகலமும் 10 மி.மீ. தடிப்பும் உள்ள பட்டையைப் படுக்கையாக வைத்தால், அதன் வளைவுத் தாங்குதிறன் அகலத்தைத் தடிப்பின் வர்க்கத்தால் பெருக்கி ஆறால் வகுத்த அளவு: 60 × 100 ÷ 6, அதாவது 1000 கன மி.மீ. இப்போது 4 மி.மீ. தகடு ஒன்றை 60 மி.மீ. உயரமாக நிமிர்த்தி வையுங்கள்: 4 × 3600 ÷ 6, அதாவது 2400. பாதிக்கும் குறைந்த இரும்பில் இரண்டு மடங்குக்கு மேலான பலம் கிடைக்கிறது. நிமிர்த்திய தகடு பக்கவாட்டில் சாயாமல் இருக்க இன்னொன்றை இணையாக வைத்து மேலே மூடிவிட்டால் அது பெட்டியாகிவிடும். மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தைப் பார்த்தாலே இது விளங்கும். இரும்பைப் படுக்கப் போட்டு அந்தப் பாலத்தைக் கட்டவில்லை.

ஆகவே 4 மி.மீ. தகட்டில் இரு பக்கச் சுவருள்ள முக்கோணக் கை ஒன்று செய்தால் போதும். அந்தக் கை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. கையின் நீளம் இரட்டித்தால் அடிப்பகுதியில் விழும் வளைவும் இரட்டிக்கும். எஞ்சின் பக்கத்துக் கைக்கும் செஸிப் பக்கத்துக் கைக்கும் நடுவே வரும் றப்பரை எஞ்சினுக்குக் கிட்ட வைத்துச் செஸிப் பக்கத்துக் கையை நீட்டும் பழக்கம் நம்மிடையே உண்டு. பலவீனமான மைனரின் காலுக்கு அது நேர் எதிரானது. நீட்ட வேண்டிய நீளத்தை எஞ்சின் பக்கத்துக் கைக்குக் கொடுங்கள். அங்கே வார்ப்பிரும்பு புளொக்கில் தடித்த போல்ட்டுகள் இருக்கின்றன, அது தாங்கும்.

2025 மார்ச் 11

வாழைச்சேனை நண்பர் ஒருவர், “எஞ்சின் 200 கிலோ என்றால் பக்கத்துக்கு 100 கிலோ, அதற்கு இவ்வளவு கணக்கா?” என்று கேட்கிறார்.

பாரம் இதில் சிறிய பங்கு. எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒன்றாகப் பூட்டிய ஒரே உடல். அந்த உடலின் பின்முனையிலிருந்து வெளியேறும் திருப்புவிசைக்கு எதிர்விசையை மவுண்டிங்தான் தாங்குகிறது. எஞ்சின் தரும் விசை மட்டும் அல்ல, முதல் கியரில் பெருகிய விசை முழுவதும் அங்கே வந்து சேரும். மைனரின் 1098 எஞ்சின் ஏறத்தாழ 81 நியூட்டன் மீற்றர் திருப்புவிசை தருவது. 2சி எஞ்சினுக்கு 120 என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 3.6 அளவு. பெருக்கினால் 432 வரும். இரு முன் மவுண்டிங்குகளுக்கும் இடையே 45 செ.மீ. என்றால், ஒரு பக்கம் மேலேயும் மறு பக்கம் கீழேயும் 960 நியூட்டன், அதாவது 98 கிலோ அளவில் தள்ளும். பழைய எஞ்சினில் இதே தூரத்துக்கு இது 66 கிலோ அளவே.

எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்ந்து 220 கிலோ என்றும், அதில் மூன்றில் இரு பங்கு முன்னால் விழுகிறது என்றும் கொண்டால், ஒவ்வொரு முன் மவுண்டிங்கிலும் நிற்கும் பாரம் 73 கிலோ. முழு விசையில் ஏறும்போது வலப்பக்கத்தில் 171 கிலோ அழுத்தும். இடப்பக்கத்தில் 73-இலிருந்து 98 போக, மீதி எதிர்க்கணக்கு. அதாவது இடப்பக்க எஞ்சின் மேலே எழும்பி றப்பரை 25 கிலோ விசையில் இழுக்கும். கிளச்சைச் சட்டென்று விட்டால் இந்த இழுவை இன்னும் கூடும். றப்பர் அழுத்தத்தைப் பொறுக்கும், வெட்டுவிசையையும் (பக்கவாட்டில் வழுக்கித் தள்ளும் விசை) ஓரளவு பொறுக்கும். இழுவை வந்தால் இரும்பிலிருந்து உரிந்துவிடும்.

அக்கரைப்பற்றுத் தம்பி, உங்கள் கராஜ்காரர் பாரம் அழுத்தும் வலப்பக்கத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். இடப்பக்கம்தான் முதலில் போகும்.

2025 மார்ச் 11, சற்று நேரத்தில்

மேலே எழுதியது முன்னோக்கி ஓடும்போது மட்டும் பொருந்தும். ரிவேர்ஸில் திசை மாறும், வலப்பக்கம் எழும்பும். நெல் மூட்டையோடு வயல் வரம்பிலிருந்து பின்னோக்கி வீதிக்கு ஏற்றுகிறவர்கள் இரு பக்கத்தையும் ஒரே மாதிரிச் செய்துகொள்ளுங்கள். “மைனரில் யார் நெல் ஏற்றுகிறார்கள்?” என்று கேட்க வேண்டாம். மண்டூர்ப் பக்கம் வந்து பாருங்கள்.

2025 மார்ச் 16

றப்பர் உரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டில் பெரிய சான்று ஒன்று உண்டு. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் விற்ற செவ்ரோலே வாகனங்களில் ஏறத்தாழ 67 இலட்சத்தைத் திரும்ப அழைத்தது. எஞ்சின் மவுண்டிங்கின் றப்பர் பிரிந்ததும் எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பி, அக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிட்டது. சாரதி காலை எடுத்த பிறகும் வாகனம் ஓடியது. அவர்கள் செய்த திருத்தம் மிக எளியது: எஞ்சின் எழும்பாதபடி பிடித்துக்கொள்ளும் ஓர் இரும்பு வடத்தைப் பூட்டிக் கொடுத்தார்கள்.

டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் திரொட்டில் இல்லை என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். டீசல் செலுத்தும் பம்பின் நெம்புகோலுக்கு அக்சிலரேட்டர் வயர் போகிறது. எஞ்சின் எழும்பினால் அந்த வயரும் இழுபடும்.

ஆகவே என் வேலையில் ஒரு விதி உண்டு. றப்பர் முழுவதும் இல்லாமல் போனாலும் எஞ்சின் தன் இடத்தை விட்டுப் போகக்கூடாது. றப்பரின் நடுவே ஒரு 12 மி.மீ. போல்ட்டு, அதன் இரு முனையிலும் றப்பரை விட அகலமான தடித்த வொஷர்; அல்லது மேல் தகட்டை வளைத்துக் கீழ்த் தகட்டின் அடியில் இடைவெளியோடு நுழையும் கொக்கி. சாதாரண நேரத்தில் இவை எதையும் தொடக்கூடாது. தொட்டால் அதிர்வு நேரே உடலுக்குப் போகும்.

2025 மார்ச் 23

றப்பர் வேண்டாம் என்ற வாதத்துக்கு இன்னும் ஆதரவாளர்கள் இருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரு முறை வெடிக்கும். ஐட்லிங்கில் (வாகனம் நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் விநாடிக்கு 25 அடி. எஞ்சின் றப்பரின் மேல் தானாக ஊசலாடும் வேகம் இதிலிருந்து வெகு கீழே இருக்க வேண்டும். எஞ்சினை இறக்கியபோது றப்பர் எத்தனை மி.மீ. அமுங்கியது என்று அளந்து, 16-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த ஊசல் வேகம் ஏறத்தாழ வந்துவிடும். 4 மி.மீ. அமுங்கினால் விநாடிக்கு 8, நல்லது. 1 மி.மீ. மட்டும் அமுங்கினால் 16. அப்போது றப்பர் இருந்தும் பெரிய பயன் இல்லை. அரை மி.மீ. என்றால் 23-ஐத் தொட்டு, ஐட்லிங்கில் கதவுக் கண்ணாடி தானாக இறங்கும்.

லொறி டயரை வெட்டி அடுக்கி வைக்கும் முறையை நான் ஏன் ஏற்பதில்லை என்பதற்கும் இதுவே விடை. டயருக்குள் நூலும் கம்பியும் ஓடுகின்றன. அது அமுங்குவதே இல்லை. இரும்போடு ஒட்டாமல் சும்மா கிடப்பதால், இழுவை வரும்போது எஞ்சின் அதைவிட்டு எழும்பித் திரும்ப விழும். ஒவ்வொரு முறையும் அது சுத்தியல் அடி.

டீசல் வாகனம் நிற்கும்போது ஒருமுறை உதறுவதற்கும் காரணம் இதே கணக்கில் இருக்கிறது. ஊசல் வேகம் 8 என்றால் எஞ்சின் 240 சுற்றில் அதைக் கடந்துதான் நிற்க வேண்டும். அந்த உதறலைக் குறைக்கிறேன் என்று றப்பரைக் கடினமாக்கினால் ஐட்லிங் கெட்டுவிடும்.

முன்னால் இரும்பாகவும் பின்னால் கியர்பொக்ஸில் மட்டும் றப்பராகவும் போடுவது இன்னும் மோசமானது. முன்பக்கம் உடலோடு முறுகும், பின்பக்கம் வேறு விதமாக அசையும், நடுவில் அகப்படுவது கியர்பொக்ஸின் அலுமினிய உறை. அதன் காது உடைந்தால் அதை ஒட்டித் தர நம்பிக்கையான ஆளைத் தேடி நீண்ட தூரம் போக வேண்டிவரும்.

2025 ஏப்ரல் 2

“எந்த வாகனத்தின் றப்பர் நல்லது?” என்பதற்கு ஒரே விடை: அந்த எஞ்சின் வந்த வாகனத்தின் றப்பர். அந்தப் பாரத்துக்கும் அந்த அதிர்வுக்கும் ஏற்றதை அந்த எஞ்சினைச் செய்தவர்களே கணித்துச் செய்திருக்கிறார்கள். எஞ்சினை வாங்கும்போது பக்கக் கைகளையும் கியர்பொக்ஸின் குறுக்குத் தாங்கியையும் சேர்த்துக் கேளுங்கள். கழற்றுகிறவர்கள் அவற்றைப் பழைய இரும்புக் குவியலில் எறிவதற்கு முன் கேட்க வேண்டும். பாவித்த றப்பரை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டுங்கள். பழைய றப்பரில் டீசல் பட்டு ஊறியிருக்கும். இயற்கை றப்பருக்கு எண்ணெய் ஆகாது. அதனால் பம்பிலிருந்து கசிவு வரும் பக்கத்தில் றப்பரின் மேல் ஒரு சிறு தகட்டுக் குடையும் வைத்துவிடுவேன்.

றப்பரைச் சாய்வாக, உள்நோக்கி 45 பாகை அளவில் வைத்தால் பாரத்தின் ஒரு பகுதி அழுத்தமாகவும் ஒரு பகுதி வெட்டாகவும் பிரியும். உருளும் அசைவு மென்மையாகும். இழுவை வரும் வாய்ப்பும் குறையும்.

2025 ஏப்ரல் 13

வருடப் பிறப்புக்கு முதல்நாள் கராஜ் பூட்டு. ஆகவே எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

எஞ்சினை எங்கே நிறுத்துவது என்பதை மவுண்டிங்கைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகு அதற்கும் காலுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை நிரப்புவதுதான் மவுண்டிங். அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு தகட்டில் வெட்டுங்கள்.

வாகனம் தன் நான்கு சில்லிலும் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் ஏற்றிப் பின் அக்சில் தொங்கினால் கியர்பொக்ஸிலிருந்து பின் அக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாப்டின் கோணம் பொய் சொல்லும். எஞ்சினைச் செயின் புளொக்கில் தொங்கவிட்டு, கியர்பொக்ஸிலிருந்து வெளிவரும் தண்டின் கோடும் பின் அக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷல் மூக்கின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக வரும்படி சரிக்க வேண்டும். ஒரே நேர்கோட்டில் வரத் தேவையில்லை. இணையாக இருந்தால் போதும். ஒவ்வொரு மூட்டிலும் ஒன்று முதல் மூன்று பாகை வரை கோணம் இருப்பது நல்லது, இரு மூட்டின் கோணமும் ஒரு பாகைக்கு மேல் வேறுபடக்கூடாது. கைத்தொலைபேசியில் இருக்கும் சாய்வுமானியே இதற்குப் போதும்.

முன் சில்லுகளைத் திருப்பும் மைனரின் ஸ்டியரிங் ராக் எஞ்சினுக்குப் பின்னால் குறுக்கே கிடப்பதை மறக்க வேண்டாம். எஞ்சினைப் பின்னே தள்ளினால் பாரம் நல்ல இடத்துக்கு வரும் என்று ஆசையாக இருக்கும். ராக் விடாது.

இடைவெளி பார்க்க எனக்குத் தெரிந்த மலிவான வழி ஈரக் களிமண். சம்பின் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) அடியிலும் எக்ஸோஸ்ட் பக்கத்திலும் உருண்டையாக ஒட்டிவைத்து, எஞ்சினைக் கடப்பாரையால் இரு பக்கமும் ஆட்டுங்கள். களிமண் நசுங்கிய தடிப்பே உங்கள் இடைவெளி. 20 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த இடத்தைத் திரும்ப யோசிக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 27

இனி ஒட்டுவது. இங்கேதான் பெரும்பாலான வேலை கெடுகிறது.

மைனரின் காலில் நேரே கையை ஒட்டாதீர்கள். முதலில் 3 மி.மீ. தகட்டில் ஓர் உறை செய்து, காலின் மேலும் பக்கமும் தழுவும்படி நீளமாக வையுங்கள். முனைகளைச் சதுரமாக வெட்டாமல் மீனின் வாயைப் போலவோ வைரம் போலவோ குறுக்கி விடுங்கள். காலின் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் ஓடக்கூடாது. அது வெடிப்புக்கு நாமே போட்டுக் கொடுக்கும் கோடு. காலின் நீளப்பாட்டில் ஓட்டுங்கள். உறையின் நடுவே துளையிட்டு நிரப்பும் ஒட்டும் சேர்ந்தால் விசை பரவிவிடும். கையை அந்த உறையோடு போல்ட்டில் பூட்டுவது என் விருப்பம், ஏனெனில் பிறகு கழற்றலாம். போல்ட்டு பெட்டியைக் குறுக்கே ஊடறுத்தால் உள்ளே ஒரு குழாய் வைத்து ஒட்டுங்கள். இல்லையேல் நட்டை இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும், நசுங்கிய பெட்டியில் எந்த இறுக்கமும் நிலைக்காது. 8.8 தர 10 மி.மீ. போல்ட்டு ஒன்று மூவாயிரம் கிலோவுக்கு மேல் இழுவை தாங்கும். எண்ணிக்கையைக் கூட்டுவதால் நன்மையில்லை, இடத்தை அகலமாகப் பிரித்து வைப்பதில் உண்டு.

வெல்டிங் குச்சியைப் பற்றி வாக்குவாதம் வரும் என்று தெரியும். 7018 வகைக் குச்சி பலமானதுதான். ஆனால் அது உலர்ந்திருக்க வேண்டும்; கடற்கரை ஊரில் பெட்டியைத் திறந்து வைத்த குச்சி இரண்டு நாளில் ஈரம் குடித்துவிடும். சிறிய ஏ.சி. வெல்டிங் பெட்டிகளில் அது சரியாக எரிவதும் இல்லை. மெல்லிய காலுக்கு 2.5 மி.மீ. 6013 குச்சியைத் துண்டு துண்டாக, இடம் மாற்றி மாற்றி ஓட்டுவது போதும். குச்சிக்குப் பதிலாகக் கம்பி தானாக வரும் மிக் வெல்டிங் கிடைத்தால் அதுவே நல்லது. பட்டரி வயரையும் ஒல்டர்நேட்டர் வயரையும் கழற்றுங்கள். ஓரிரு புள்ளியில் தொட்டு ஒட்டியதும் றப்பரை எடுத்துவிட்டு முழு ஒட்டு ஓட்டுங்கள். சூட்டில் றப்பர் இரும்பை விட்டுப் பிரியும்.

2025 மே 4

கேட்க மறந்துவிட்டேன் தம்பி, காலைக் குத்திப் பார்த்தீர்களா?

அக்கரைப்பற்று, கல்முனை, காத்தான்குடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடிய வாகனத்தின் கால் வெளியே வர்ணம் பளபளத்தாலும் உள்ளிருந்து உளுத்திருக்கும். கூரான சுத்தியலால் முழு நீளமும் தட்டுங்கள். ஓசை மந்தமாகும் இடத்தில் ஸ்குரூட்ரைவரை அழுத்துங்கள். உள்ளே போனால் மவுண்டிங் பேச்சை நிறுத்திவிட்டுக் காலை வெட்டி மாற்ற வேண்டும். துருவின் மேல் உறை போடுவது துருவை மூடி வளர்ப்பதற்குச் சமம். வேலை முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு கலந்த எண்ணெயைச் செலுத்துங்கள்; மார்கழி மழைக்கு முன் திரும்ப ஒருமுறை.

2025 மே 18

தம்பியின் பதில் வந்தது. இடக்கால் போய்விட்டதாம், புதிய கால் செய்கிறார்களாம். கராஜ்காரர் 10 மி.மீ. தகட்டைக் கேற்றுக்குப் பாவித்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார். நல்ல கேற்றாக இருக்கும்.

எஞ்சினின் உண்மையான பாரம் தெரியவில்லை என்கிறார். நெல் கடைத் தராசில் ஏற்றுங்கள். முன் கைகள் இரண்டையும் தராசின் மேல் முட்டுக்கொடுத்து, கியர்பொக்ஸ் முனையை அதே உயரத்தில் வெளியே ஒரு கட்டையில் வைத்தால், முன் மவுண்டிங்கில் விழும் பங்கு நேரே தெரியும். பிறகு இடம் மாற்றிப் பின்பங்கைப் பாருங்கள். அனுமானத்தில் நான் போட்ட 220 கிலோவை அந்த எண்ணால் மாற்றிக் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்.

கூடிய பாரம் மவுண்டிங்கோடு நிற்பதில்லை. மைனரின் முன்பக்கம் டோர்ஷன் பாரில் (முறுகி ஸ்பிரிங் போல வேலை செய்யும் இரும்புத் தண்டு) நிற்கிறது. அதைத் திருப்பி வைத்து உயரத்தை மீட்கலாம். விறைப்பு அதிகரிக்காது, அதே மென்மையோடுதான் இருக்கும். முன் சில்லிலும் ட்ரம் பிரேக். செங்கலடியிலிருந்து மகா ஓயா வரை இதெல்லாம் தெரியாது, நம் சமதரை எதையும் மன்னிக்கும். மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு மலைப்பாதையில் ஏறும்போது இடப்பக்க றப்பரும், இறங்கும்போது பிரேக்கும் தம் நிலையைச் சொல்லும். பிரேக்கைப் பற்றி வேறு ஓர் இழையில் கதைப்போம், இங்கே மவுண்டிங்.

2025 ஜூன் 29

பதிவு பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் எஞ்சின் கொள்ளளவும் இருக்கின்றன. இந்த மாற்றத்தில் மூன்றும் மாறுகின்றன. எஞ்சினை வாங்கிய பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பே போய் விசாரியுங்கள். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பதும், டீசலுக்குப் புகையின் அடர்த்தியைத்தான் அளப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

2020-இலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் இத்தகைய மாற்றங்கள் பெருகின. இவ்வாண்டு பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகும் விலையைப் பார்த்தால் மைனர்கள் இன்னும் சில காலம் ஓடும் என்றே தோன்றுகிறது.

2025 ஜூலை 20

எஞ்சின் இறங்கிவிட்டதாம். றப்பர் 3 மி.மீ. அமுங்கியதாக அளந்து எழுதியிருக்கிறார். ஊசல் வேகம் 9 அளவில் வரும், போதும். முதல் 500 கி.மீ. ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள், எளிதில் தளராத நைலொக் நட்டு என்றாலும். இறுக்கும்போது உறையின் முனைகளில் வர்ணம் மயிரிழையாகப் பிளந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளை வர்ணம் பூசியிருந்தால் வெடிப்பு எளிதாகத் தெரியும்.